கணினியின் அடிப்படைச் சொற்கள்: மின்பொத்தானை அழுத்துவது முதல் கோப்பைச் சேமிப்பது வரை

கணினி கற்கத் தொடங்குபவர்களுக்குத் தரப்படும் கலைச்சொல் பட்டியல்கள் பெரும்பாலும் அகரவரிசையில் அமைந்திருக்கின்றன. அவற்றை இரண்டு முறை படித்தவருக்கும் ரேம் என்றால் நினைவகம், ஹார்ட் டிஸ்க் என்றாலும் ஒருவகை நினைவகம் என்ற அளவில்தான் பொருள் தங்குகிறது. கணினி மெதுவாகும்போது இவ்விரண்டில் எது காரணம் என்று கேட்டால் விடை வருவதில்லை. ஓர் உறுப்பின் பெயர், அந்த உறுப்பு வேலை செய்யும் இடத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் துலங்குகிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு சிறு வேலையைத் தொடக்கம் முதல் இறுதி வரை பின்தொடரப் போகிறோம். கணினியை இயக்கி, ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, 'தமிழ்' என்ற ஒற்றைச் சொல்லைத் தட்டச்சு செய்து, அதைச் சேமிக்கிறோம். வழியில் எதிர்ப்படும் சொற்களை எதிர்ப்படும் வரிசையிலேயே அறிந்துகொள்வோம். முன்னால் ஒரு கணினி இருந்தால் செய்துகொண்டே படிப்பது நல்லது.

படி 1: வன்பொருள், மென்பொருள் என்ற பிரிவு

கையால் தொடக்கூடியவை வன்பொருள், தொட முடியாதவை மென்பொருள் என்று சொல்வது வழக்கம். அது தவறில்லை, ஆனால் பழுது ஏற்படும் நேரத்தில் இன்னொரு விளக்கம் கூடுதலாகப் பயன்படும். வன்பொருளில் கோளாறு என்றால் அந்த உறுப்பைச் சரிசெய்ய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். மென்பொருளில் கோளாறு என்றால் அதை அழித்துவிட்டு மறுபடி நிறுவினாலோ, திருத்தப்பட்ட புதிய பதிப்பைப் போட்டாலோ போதும்; பொருளாக எதையும் வாங்க வேண்டியதில்லை. இன்று நாம் 'சாஃப்ட்வேர்' என்று வழங்கும் சொல், கணினி நிரல்களைக் குறிக்கும் பொருளில் 1958ஆம் ஆண்டு ஜான் டியூக்கி என்ற கணிதவியலாளரின் கட்டுரையில் அச்சேறியது. பின்னர் நாம் சந்திக்கவிருக்கும் 'பிட்' என்ற சொல்லை உருவாக்கியவரும் அவரே.

தமிழில் படிப்பவர்கள் இங்கேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'செயலி' என்ற சொல் நம்மிடையே இரண்டு பொருளில் வழங்குகிறது. கணினிக்குள் கணக்குகளைச் செய்யும் பிராசஸரையும் செயலி என்கிறோம். கைப்பேசியில் பதிவிறக்கும் ஆப்பையும் செயலி என்கிறோம். முன்னது வன்பொருள், பின்னது மென்பொருள். இந்தக் கட்டுரையில் செயலி என்று வரும் இடமெல்லாம் பிராசஸரையே குறிக்கும்; மற்றதைப் பயன்பாட்டு மென்பொருள் என்றே எழுதுகிறேன்.

படி 2: பெட்டியும் அதனைச் சுற்றியுள்ளவையும்

மேசைக் கணினியில் திரைக்கு அருகில் நிற்கும் பெட்டியைப் பலர் 'சிபியு' என்று அழைக்கிறார்கள். அந்தப் பெட்டியின் பெயர் கேபினட். சிபியு என்பது மையச் செயலகம், அதாவது செயலி. பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு சில்லுதான் அது. பேச்சு வழக்கில் இதனால் பெரிய கேடு இல்லை என்றாலும், பழுது பார்ப்பவரிடம் 'சிபியு போய்விட்டது' என்று சொன்னால் அவர் ஒன்றைப் புரிந்துகொள்வார், நாம் வேறொன்றைச் சொல்லியிருப்போம்.

பெட்டிக்குள் எல்லா உறுப்புகளையும் இணைத்துத் தாங்கும் பெரிய மின்சுற்றுப் பலகை மதர்போர்டு அல்லது தாய்ப்பலகை. சுவரிலிருந்து வரும் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றித் தருவது பவர் சப்ளை. மடிக்கணினியில் வெளியே தொங்கும் அடாப்டர் இந்த வேலையின் முதல் பகுதியைச் செய்கிறது. விசைப்பலகை, சுட்டி, ஒலிவாங்கி, கேமரா ஆகியவை கணினிக்குள் தகவலைச் செலுத்துவதால் உள்ளீட்டுக் கருவிகள் எனப்படுகின்றன. திரை, ஒலிபெருக்கி, அச்சுப்பொறி ஆகியவை வெளியீட்டுக் கருவிகள். தொடுதிரை இரண்டு வேலையையும் செய்கிறது.

கருவிகளைச் செருகும் வாய்களுக்குப் போர்ட் என்று பெயர். யுஎஸ்பி 1996இல் அறிமுகமானது. அதற்கு முன் விசைப்பலகைக்கு ஒரு வாய், அச்சுப்பொறிக்கு வேறொரு வாய் என்று இருந்த நிலையை அது மாற்றியது. இருபுறமும் திருப்பிச் செருகக்கூடிய டைப்-சி என்பது செருகியின் வடிவத்தை மட்டுமே குறிக்கும் பெயர். ஒரே வடிவம் கொண்ட இரண்டு டைப்-சி போர்ட்களில் ஒன்று திரைக்குப் படம் அனுப்பக்கூடும். மற்றொன்றால் அது முடியாமல் போகலாம். எச்டிஎம்ஐ, படத்தையும் ஒலியையும் ஒரே கம்பியில் திரைக்குக் கொண்டுசெல்லும் இணைப்பு.

படி 3: பொத்தானை அழுத்தியவுடன் நடப்பது

மின்சாரம் பாய்ந்ததும் செயலிக்கு எதுவும் தெரியாது. முதலில் எந்தக் கட்டளையை நிறைவேற்றுவது என்பதைக்கூட ஏதோ ஒன்று அதற்குச் சொல்ல வேண்டும். அந்தத் தொடக்கக் கட்டளைகள் தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு சில்லில் நிரந்தரமாக எழுதப்பட்டிருக்கின்றன. பழைய கணினிகளில் அதன் பெயர் பயாஸ். இன்றைய கணினிகளில் அதன் வழித்தோன்றலான யூஇஎஃப்ஐ. இவ்வாறு ஒரு கருவியின் சில்லிலேயே பதிந்திருக்கும் மென்பொருளை ஃபர்ம்வேர், அதாவது நிலைப்பொருள் என்கிறோம். அச்சுப்பொறி, ரவுட்டர் ஆகியவற்றுக்கும் தத்தமக்கான நிலைப்பொருள் உண்டு.

யூஇஎஃப்ஐ முதலில் ரேம், விசைப்பலகை போன்றவை இருக்கின்றனவா என்று சோதிக்கிறது. ஏதேனும் குறையிருந்தால் சில கணினிகள் 'பீப்' ஒலியை எழுப்பும். ஒலியின் எண்ணிக்கையே கோளாற்றின் அடையாளம். சோதனை முடிந்ததும், கோப்புகள் நிரந்தரமாக இருக்கும் சேமிப்பகத்தில் உறங்கும் இயங்குதளத்தை அது கண்டுபிடித்து ரேமுக்குள் ஏற்றுகிறது. இந்த முழு நிகழ்வுக்கும் பூட் ஆவது என்று பெயர். கணினியை ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால், தாய்ப்பலகையில் இருக்கும் நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மேசைக் கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான்.

இயங்குதளம் அல்லது ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்பது வன்பொருளுக்கும் பயன்பாட்டு மென்பொருளுக்கும் நடுவில் நின்று, யாருக்கு எவ்வளவு ரேம், யாருக்கு எப்போது செயலியின் நேரம் என்று பங்கிட்டுத் தருவது. விண்டோஸ், மேக்ஓஎஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஆகியவை இவ்வகையின. இதன் நடுப்பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிடத் தொடங்கிய லினக்ஸ் உண்மையில் ஒரு கெர்னல்தான். ஆண்ட்ராய்டு அதே கெர்னலின் மேல் கட்டப்பட்டிருப்பதால், லினக்ஸைத் தாம் தொட்டதே இல்லை என்று நினைக்கும் பலர் அதைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்கள். இயங்குதளத்துக்கு ஒரு குறிப்பிட்ட கருவியின் மொழியைப் பெயர்த்துச் சொல்லும் சிறு மென்பொருள் டிரைவர், அதாவது இயக்கி. புதிய அச்சுப்பொறியைச் செருகியும் அச்சாகவில்லை என்றால், கம்பியையும் மின் இணைப்பையும் பார்த்த பிறகு சந்தேகிக்க வேண்டியது இயக்கியையே.

படி 4: ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தல்

விண்டோஸில் நோட்பேடைத் திறந்து 'தமிழ்' என்று தட்டச்சு செய்யுங்கள். விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை; எந்த இடத்திலுள்ள விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணை மட்டுமே அனுப்புகிறது. அந்த எண்ணை எழுத்தாக மாற்றுவது மென்பொருளின் வேலை. எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அமைப்புக்குத் தளக்கோலம் என்று பெயர். ஆங்கிலத் தளக்கோலத்தில் 'எல்' தரும் அதே விசை, தமிழ்99 தளக்கோலத்தில் 'த' தருவது இதனால்தான். விசைப்பலகையை மாற்றாமலேயே மொழியை மாற்ற முடிவதும் இதனால்தான்.

கணினிக்குள் எல்லாம் எண்களே. 0 அல்லது 1 என்ற இரண்டில் ஒன்றாக மட்டும் இருக்கக்கூடிய மிகச்சிறு அலகு பிட். 8 பிட்கள் சேர்ந்தது ஒரு பைட். அதில் 256 வெவ்வேறு மதிப்புகளில் ஒன்றை வைக்கலாம். ஆங்கில எழுத்துகளுக்கு இது தாராளம். உலகின் எல்லா எழுத்துகளுக்கும் இது போதாது என்பதால், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தனி எண் தரும் யுனிகோடு என்ற ஒருங்குறி முறை வந்தது. அதன்படி 'தமிழ்' என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள் இருக்கின்றன. கண்ணுக்கு மூன்று எழுத்துகளாகத் தெரிவது கணினிக்கு ஐந்து. இன்று பெரிதும் வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் பிடிக்கும் என்பதால் மொத்தம் 15 பைட். இதைச் சற்று நேரத்தில் நேரிலேயே சரிபார்க்கப் போகிறோம்.

எண் ஒன்று, அதற்குத் திரையில் தோன்றும் வடிவம் வேறொன்று. வடிவத்தைத் தருவது எழுத்துரு, அதாவது ஃபாண்ட். தமிழ்க் கோப்பைத் திறந்ததும் வெறும் கட்டங்களாகத் தெரிந்தால், பெரும்பாலும் அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். கோப்பு கெட்டுவிட்டதென்று அதை அழித்துவிடக் கூடாது.

அளவுகளையும் இங்கேயே முடித்துவிடலாம். ஏறத்தாழ ஆயிரம் பைட் ஒரு கிலோபைட், பத்து லட்சம் ஒரு மெகாபைட், நூறு கோடி ஒரு ஜிகாபைட், ஒரு லட்சம் கோடி ஒரு டெராபைட். 'ஏறத்தாழ' என்று சொல்லக் காரணம் உண்டு. வட்டுத் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு படிக்கும் 1000ஆல் பெருக்குகிறார்கள். விண்டோஸ் 1024ஆல் பெருக்குகிறது. ஆகவே 1 டிபி என்று எழுதி விற்கப்படும் வட்டை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை, அளவுகோல் இரண்டாக இருக்கிறது, அவ்வளவே. இணைய வேகத்தில் வரும் குழப்பம் இதைவிடப் பெரியது: வேகத்தைப் பிட்டில் சொல்கிறார்கள், கோப்பைப் பைட்டில் அளக்கிறோம். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் அதிகபட்சமாக நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும்.

படி 5: சேமிப்பதற்கு முன், அந்தச் சொல் எங்கே இருக்கிறது?

திரையில் 'தமிழ்' தெரிகிறது. இன்னும் சேமிக்கவில்லை. தொடக்கநிலையில் உள்ள ஒருவர் இந்த இடத்தை விளங்கிக்கொண்டால், பாதிக் கணினியை விளங்கிக்கொண்டார் என்பது என் கருத்து.

அந்தச் சொல் இப்போது ரேமில் இருக்கிறது. ரேம் என்பது செயலி உடனுக்குடன் எடுத்தும் வைத்தும் வேலை செய்யும் இடம். மின்சாரம் இருக்கும் வரைதான் அதில் உள்ளவை நிற்கும். இந்த நொடி மேசைக் கணினியின் மின்சாரம் போனால் சொல்லும் போய்விடும். வேலையை நிரந்தரமாக வைக்கும் இடம் ஸ்டோரேஜ், அதாவது சேமிப்பகம். சேமி என்று கட்டளையிடுவதன் பொருள், ரேமில் இருப்பதன் படியைச் சேமிப்பகத்தில் எழுது என்பதே. சில மென்பொருள்கள் நாம் கேட்காமலேயே அவ்வப்போது எழுதிக்கொள்கின்றன. எல்லாம் அப்படிச் செய்யும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

குழப்பத்தின் வேர், இரண்டையும் 'மெமரி' என்ற ஒரே சொல்லால் அழைக்கும் பழக்கம். கைப்பேசி விளம்பரத்தில் '8 ஜிபி + 128 ஜிபி' என்று வந்தால் முன்னது ரேம், பின்னது சேமிப்பகம். 'மெமரி நிறைந்துவிட்டது' என்று கைப்பேசி எச்சரித்துப் படங்களை அழிக்கச் சொன்னால், நிறைந்தது சேமிப்பகம். பல பயன்பாட்டு மென்பொருள்கள் திறந்திருக்கும்போது கணினி திணறினால், பெரும்பாலும் நிறைந்தது ரேம். அதற்காக ஆயிரம் படங்களை அழித்தாலும் பயன் இருக்காது. ரேம் போதாதபோது இயங்குதளம் அதில் ஒரு பகுதியைத் தற்காலிகமாகச் சேமிப்பகத்துக்கு மாற்றிவைத்துச் சமாளிக்கிறது. சேமிப்பகம் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது என்பதால் சுட்டி நகர்வதுகூடத் தயங்கத் தொடங்குகிறது.

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்ற நெடுவரிசைகளின் விழுக்காட்டைப் பாருங்கள். மெமரி 90ஐத் தாண்டி நிற்கிறதென்றால் ரேம் பற்றவில்லை, தேவையற்றவற்றை மூடுங்கள். சிபியு தொடர்ந்து 100ஐ ஒட்டியிருந்தால் ஏதோ ஒரு மென்பொருள் செயலியை ஓயவிடாமல் வைத்திருக்கிறது. அதன் பெயர் பட்டியலின் மேல்பகுதியில் தெரியும். டிஸ்க் 100இலேயே நின்று, மற்ற இரண்டும் குறைவாக இருந்தால் அது பெரும்பாலும் பழைய வகை ஹார்ட் டிஸ்க் கொண்ட கணினியாக இருக்கும்.

சேமிப்பகத்தில் இரண்டு வகை உண்டு. ஹார்ட் டிஸ்க் என்பது நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் காந்தத் தட்டுகளில் எழுதிப் படிப்பது. ஐபிஎம் நிறுவனம் 1956இல் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து கொண்டது ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளே. எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லை. தகவல் சில்லுகளில் மின்னேற்றமாக நிற்கிறது. சாட்டா இணைப்புள்ள எஸ்எஸ்டி நொடிக்கு 550 மெகாபைட் அளவில் படிக்கும். என்விஎம்இ வகை பல ஆயிரம் மெகாபைட் படிக்கும். ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் 100 முதல் 250க்குள் நின்றுவிடும். அதைவிட முக்கியமானது, தட்டு சுழன்று வந்து சேரும் காத்திருப்பு எஸ்எஸ்டியில் இல்லை. பழைய கணினிக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதையே நான் சொல்வேன்.

செயலியைப் பற்றிச் சுருக்கமாக: அதன் துடிப்பு கிகாஹெர்ட்ஸில் அளக்கப்படுகிறது. 3 கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு 300 கோடித் துடிப்பு. ஒரு துடிப்பு நேரத்தில் ஒளியே 10 சென்டிமீட்டர்தான் கடக்கும். கோர் என்பது ஒரே சில்லில் அடங்கிய தனித்தனிச் செயலகங்கள். செயலிக்குள்ளேயே இருக்கும் மிகச்சிறிய, மிக வேகமான நினைவகம் கேஷ். ஆண்டுகள் மாறும்போது ஒரு துடிப்பில் முடியும் வேலையும் மாறுவதால், வெவ்வேறு தலைமுறைச் செயலிகளைக் கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடுவது தவறாக முடியும். படங்களையும் காணொளிகளையும் திரையில் வரைவதற்கென்றே உள்ள செயலி ஜிபியு. அது தனி அட்டையாக இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டு.

படி 6: சேமித்தல்

இப்போது கன்ட்ரோலுடன் எஸ் விசையை அழுத்தி, ஒரு பெயர் கொடுத்துச் சேமியுங்கள். முடிவில் இடைவெளியோ புதிய வரியோ சேர்க்க வேண்டாம். சேமிக்கும் பெட்டியில் குறியாக்கம், அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை, யுடிஎஃப்-8 என்று இருக்கட்டும். பிறகு அந்தக் கோப்பின் மேல் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, பண்புகள் என்ற பகுதியில் அளவைப் பாருங்கள்: 15 பைட்.

ஒரு பெயரின்கீழ் சேமிக்கப்பட்ட தகவல் கோப்பு. கோப்புகளை வகைப்படுத்தி வைப்பது கோப்புறை. இந்தக் கோப்புறைக்குள் அந்தக் கோப்புறை என்று ஒரு கோப்பின் இருப்பிடத்தைச் சொல்லும் வரி பாதை. விண்டோஸில் முதன்மைச் சேமிப்பகம் 'சி' என்று தொடங்குவதற்குக் காரணம், 'ஏ'யும் 'பி'யும் செருகி எடுக்கும் பழைய ஃபிளாப்பி வட்டுகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. ஃபிளாப்பி போன பிறகும் எழுத்துகள் அப்படியே நின்றுவிட்டன.

கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வருவது எக்ஸ்டென்ஷன், அதாவது நீட்சி. கோப்பை எந்த மென்பொருள் திறக்க வேண்டும் என்பதை விண்டோஸ் அதைக் கொண்டே முடிவு செய்கிறது. விண்டோஸ் நீட்சியை இயல்பாக மறைத்துவைப்பதால், 'ரசீது.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்ற கோப்பு 'ரசீது.பிடிஎஃப்' என்று மட்டுமே கண்ணில் படும். பிடிஎஃப் என்பது படிக்கும் ஆவணம். இஎக்ஸ்இ என்பது இயங்கும் நிரல். தீங்கு செய்யும் மென்பொருளான மால்வேர் நுழையும் பழைய வழிகளில் இது ஒன்று. கோப்பு மேலாளரின் காட்சி அமைப்பில் நீட்சிகளைக் காட்டச் செய்வது ஒரு நிமிட வேலை, இன்றே செய்துவிடுங்கள். வைரஸ் என்பது மால்வேரில் ஒரு வகை. மற்றக் கோப்புகளில் ஒட்டிக்கொண்டு பரவுவதால் அந்தப் பெயர்.

கோப்பை நீக்கினால் அது முதலில் ரீசைக்கிள் பின்னுக்குப் போகிறது, அங்கிருந்து மீட்கலாம். அதையும் காலி செய்தால் மீட்பு ஐயத்துக்குரியது, எஸ்எஸ்டியில் பெரும்பாலும் இயலாதது. காப்பு நகல், அதாவது பேக்அப், இதற்காகவே வேண்டும். அதே வட்டில் வேறொரு கோப்புறையில் எடுத்துவைத்த படி காப்பு நகல் ஆகாது. வட்டு போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

படி 7: பயன்பாட்டு மென்பொருள்களும் இணையமும்

நோட்பேட் போல ஒரு குறிப்பிட்ட வேலைக்காக இருப்பவை பயன்பாட்டு மென்பொருள்கள். கணினியில் அதைச் சேர்ப்பது நிறுவுதல், எடுப்பது நிறுவல்நீக்கம். முகப்புத் திரையிலுள்ள படக்குறியை அழிப்பது நிறுவல்நீக்கம் ஆகாது, ஏனெனில் அது வெறும் குறுக்குவழி. திருத்தங்களோடு வரும் புதிய பதிப்பு அப்டேட். அதைத் தள்ளிப்போடுவதில் ஆபத்து உண்டு. அப்டேட்டுகளில் பல பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பவை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது என்பதையும் பழைய கணினி வைத்திருப்போர் கருத்தில் கொள்ள வேண்டும்.

இணையம் என்பது கணினிகளை இணைக்கும் வலையமைப்பு. வலை என்பது அதன்மேல் இயங்கும் பக்கங்களின் தொகுதி. டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் அதற்கான திட்டத்தை முன்வைத்தார். அந்தப் பக்கங்களைத் திறக்கும் மென்பொருள் உலாவி. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்றவை. கூகுள் என்பது தேடுபொறி. அது உலாவிக்குள் திறக்கும் ஒரு தளம். நம்மை மறுமுறை அடையாளம் காண ஒரு தளம் நம் கணினியில் விட்டுச்செல்லும் சிறு குறிப்பு குக்கி. கிளவுட் என்பது வேறொருவரின் கணினிகளில் நம் கோப்பை வைத்து இணையம் வழியே எடுப்பது.

படி 8: ஒரு கணினியின் விவரக்குறிப்பைப் படித்தல்

இதுவரை அறிந்தவற்றைக் கொண்டு ஒரு மடிக்கணினியின் விவர வரியைப் படித்துப் பார்ப்போம்: '6 கோர் செயலி, 16 ஜிபி டிடிஆர்5, 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 15.6 அங்குலம், 1920×1080, 64 பிட்.' டிடிஆர்5 என்பது ரேமின் தலைமுறை; டிடிஆர்4க்கான இடத்தில் அது பொருந்தாது. 512 ஜிபியை விண்டோஸ் 477 என்ற அளவில் காட்டும். காரணம் நமக்குத் தெரியும். அங்குலம் என்பது திரையின் மூலைவிட்ட நீளம். 1920×1080 என்பது பிக்சல் எனப்படும் புள்ளிகளின் எண்ணிக்கை. பெருக்கினால் 20 லட்சத்துக்கும் மேல். 64 பிட் என்பதை இன்று எழுதத் தேவையே இல்லை. 32 பிட் முறையில் 4 ஜிபிக்கு மேல் ரேமை முழுமையாகப் பயன்படுத்த முடியாத காலத்தில் வழக்கமான குறிப்பு அது.

உங்கள் கணினியின் விவரத்தை விண்டோஸில் அமைப்புகளுக்குள் சிஸ்டம், அதனுள் அபவுட் என்ற பகுதியிலும், மேக்கில் ஆப்பிள் குறியை அழுத்தினால் வரும் முதல் வரியிலும் காணலாம். வாங்குவதற்கு முன் விவர வரியில் பெரும்பாலும் எழுதப்படாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: ரேம் தனியாகச் செருகப்பட்டதா, தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டதா? பல மடிக்கணினிகளில் எஸ்எஸ்டியைப் பின்னாளில் பெரிதாக மாற்றிக்கொள்ள முடியும். பற்றவைத்த ரேமைப் பொதுவாக மாற்ற முடியாது. அதன் அளவை வாங்கும் நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.